பிரதாப முதலியார் சரித்திரத்தில் கிறித்தவக் குறியீடுகளும் அறநெறியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழின் முதல் புதினமாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். கதை மாந்தரோ சைவ மரபினராகிய தொண்டைமண்டல முதலியார் குடும்பத்தினர். இம்முரண் காரணமாக இந்நாவலில் கிறித்தவத்தின் இடம் குறித்து இருவேறு நிலைப்பாடுகள் எழக்கூடும். நாவலின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கிறித்தவக் குறியீட்டைக் காண்பது ஒன்று. நாவலுக்கும் ஆசிரியரின் சமயத்துக்கும் தொடர்பே இல்லை என ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் போதாதவை என்பதைப் பெயரமைப்பு, தண்டனை, இழப்பும் மீட்பும், ஆட்சிப்பொறுப்பு ஆகிய நான்கு கூறுகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கிறித்தவம் இந்நாவலில் சின்னமாக அன்றி, நிகழ்ச்சிகளைக் கோக்கும் அற அமைப்பாகவே இயங்குகிறது என்பதும், அவ்வமைப்பு குலம், செல்வம் ஆகியவற்றின் எல்லையில் தயங்கி நிற்கிறது என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம், கிறித்தவக் குறியீடு, இறைபராமரிப்பு, நீதி இலக்கியம், தொடக்ககாலத் தமிழ் நாவல்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் குறியீட்டைத் தேடும் ஆய்வாளர் முன் முதலில் நிற்பவர் எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை. ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அங்கே பயணம் ஆன்மாவின் பயணம், சுமை பாவச்சுமை, நகரம் விண்ணகம். குறிக்கும் பொருளும் குறிக்கப்படும் பொருளும் வாசகருக்கு முன்னரே அறிவிக்கப்பட்டவை. எனவே அங்குக் குறியீட்டாய்வு ஐயத்திற்கு இடமற்றது.

வேதநாயகம் பிள்ளையின் நாவல் அத்தகையதன்று. இதன் கதைப்போக்கைத் தாங்கும் முதன்மை மாந்தருள் கிறித்தவர் எவருமில்லை. சிலுவையோ திருமுழுக்கோ கதையின் திருப்பத்திற்குக் காரணமாவதில்லை. சத்தியபுரியில் பிறந்த செல்வந்தக் குடும்பத்து இளைஞன் தன் வரலாற்றைத் தானே கூறுகிறான். அவனுடைய மனைவி ஞானாம்பாளின் அறிவும் கற்பும் துணிவும் கதையை நடத்துகின்றன. இடையிடையே கிளைக்கதைகள், நகைச்சுவைத் துணுக்குகள், கல்வி, மொழி, நீதிமன்றம் பற்றிய நீண்ட உரையாடல்கள் வருகின்றன. ஒரு கத்தோலிக்கர் தம் முதல் நாவலை எழுதுகையில் தம் சமயத்தாரை ஏன் கதையின் மையத்தில் வைக்கவில்லை என்ற வினா இயல்பாகவே எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதற்குமுன் குறியீடு என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் வரையறுக்க வேண்டியுள்ளது.

ஆசிரியரின் சமயப் பின்புலமும் எழுத்துப்பணியும்

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சார்ந்த குளத்தூரில் பிறந்தார். பெற்றோர் சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள். இயேசு சபையினரின் மதுரை மறைத்தளம் இப்பகுதியில் ஆழமாக வேரூன்றியிருந்தது. இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றியதும், தேம்பாவணியைத் தமிழ்க் காப்பிய மரபின் முழு அணியோடு பாடியதும் இம்மரபின் சிகரங்கள். கிறித்தவத்தைத் தமிழ் உடையில் கூறுதல் என்ற மனப்பாங்கு வேதநாயகம் பிள்ளைக்குப் பிறப்பிலேயே கிடைத்த இலக்கியச் சூழல் எனலாம்.

அவர் கல்வி பெற்றதும் அலுவல் தொடங்கியதும் திருச்சிராப்பள்ளியில். அந்நகர நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப் பதவி வகித்தார். 1862இல் அவர் வெளியிட்ட சித்தாந்த சங்கிரகம் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்தது. சட்டத்தை மக்கள் மொழியில் தரும் அதே எண்ணம் நாவலில் வரும் நீதிமன்ற மொழி பற்றிய விவாதத்திலும் ஒலிக்கிறது.

அவருடைய படைப்புகளை இரு வரிசையாகப் பகுத்துக் காண்பது இங்குப் பயன்தரும். தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம் முதலியவை வெளிப்படையான கத்தோலிக்கப் பத்திநூல்கள். நீதிநூல் (1859), பெண்மதி மாலை (1869), சர்வ சமய சமரசக் கீர்த்தனை ஆகியவை எல்லாச் சமயத்தாரையும் நோக்கியவை. தாம் வழிபடும் அன்னையின் பெயரைச் சொல்ல அஞ்சியவர் அல்லர் அவர் என்பதை முதல் வரிசை காட்டுகிறது. பொதுவெளியில் பேசும்போது இறைவனைப் பொதுச்சொல்லால் சுட்டுவதை அவர் விரும்பியே ஏற்றார் என்பதை இரண்டாம் வரிசை காட்டுகிறது. பிரதாப முதலியார் சரித்திரம் இரண்டாம் வரிசையைச் சார்ந்தது. ஆகவே கிறித்தவ மாந்தர் கதையின் மையத்தில் இடம்பெறாமையைச் சமய மறைப்பு என்று கொள்ள இயலாது. அது ஆசிரியர் தேர்ந்துகொண்ட பேச்சுமுறை.

திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருடைய நெருங்கிய நண்பர்; இவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை பாடியவர். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப் ஒருவர்மீது கோவை பாடிய சூழலே இந்நாவலின் வாசகச் சூழலும் ஆகும். இச்சூழலை மறந்து நாவலை ஒரு சமயத்தின் மறைநூலாகப் படிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

குறியீட்டை அறியும் அளவுகோல்

விவிலியத்தில் ஆடு உண்டு. எனவே நாவலில் வரும் ஆடு கிறித்துவைக் குறிக்கும் என்பது போன்ற வாதம் குறியீட்டாய்வை எளிதில் கேலிக்கு உரியதாக்கும். இதனைத் தவிர்க்க மூன்று நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. முதலாவதாக, குறியீடு எனப்படும் கூறு ஆசிரியர் அறிந்திருந்த கிறித்தவ நூல் அல்லது வழிபாட்டு மரபில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, தமிழ் நீதி மரபாலோ சைவ மரபாலோ நாட்டார் கதை மரபாலோ மட்டும் அதனை முழுமையாக விளக்க இயலாதிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, அது கதையின் போக்கில் அல்லது அற முடிவில் ஒரு வேலையைச் செய்தல் வேண்டும். அலங்காரமாக மட்டும் நிற்றல் போதாது.

இந்த அளவுகோலில் தோல்வியுறும் கூறு ஒன்றை முதலிற் காட்டுவது தெளிவு தரும். கணவனைத் தேடி ஆண்வேடத்தில் விக்கிரமபுரிக்கு வரும் ஞானாம்பாளின் கழுத்தில் யானை மாலையிட, அவள் அந்நாட்டின் அரசனாக ஏற்கப்படுகிறாள். எதிர்பாராத ஒருவரை இறைவன் அரசராகத் தேர்ந்தெடுத்தல் என்ற அளவில் தாவீதின் வரலாற்றை இதனோடு ஒப்பிடத் தோன்றும். ஆயினும் பட்டத்து யானை அரசனைத் தேர்தல் தமிழ் மண்ணின் பழங்கதை. கரிகாலன் பற்றிய மரபிலும் பெரியபுராணத்தின் மூர்த்தி நாயனார் வரலாற்றிலும் அது இடம்பெறுகிறது. மூர்த்தி நாயனார் அரசு வேண்டாதவர். யானையால் தேரப்பட்டு, துறவின் அடையாளங்களையே முடியாகவும் அணியாகவும் கொண்டு ஆண்டவர். ஞானாம்பாளின் விரும்பாத அரசுரிமைக்கு நெருங்கிய முன்னோடி அவரே. எனவே யானை நிகழ்ச்சி கிறித்தவக் குறியீடன்று. ஆயின் அந்த அரசுரிமையைக் கொண்டு ஞானாம்பாள் என்ன செய்கிறாள் என்பது வேறு வினா. அது பின்னர் ஆராயப்படும்.

பெயர்களின் இரட்டைப் பொருள்

நாவலின் இடப்பெயர்களும் ஆட்பெயர்களும் பொருள் தாங்கியவை. கதை தொடங்கும் ஊர் சத்தியபுரி. காணாமற்போன பிள்ளையின் உண்மைப் பிறப்பு வெளிப்படும் ஊர் ஆதியூர். வலிமையைக் குறிக்கும் பெயருடைய விக்கிரமபுரி, முறையற்ற நீதியின் களம். பனியனின் கதையில் ஊர்ப்பெயரே ஊரின் குணத்தை அறிவிப்பதுபோல் இங்கும் ஓரளவு நிகழ்கிறது. ஆனால் உருவகக் கதையில் ஊர் வேறொன்றைக் குறிக்க மட்டுமே உள்ளது. இங்கோ ஊர்களில் வீடும் வழக்கும் வம்பும் திருமணப் பேச்சும் நடக்கின்றன. பெயர் பொருளைச் சுட்டுகிறது, கதையை விழுங்கிவிடவில்லை.

இவற்றுள் ஞானாம்பாள் என்ற பெயர் தனித்து நோக்கத்தக்கது. சைவ வாசகருக்கு அது அம்மையின் பெயர். ஞானாம்பிகை என்ற வழக்கோடு இயல்பாக இணைவது. தமிழ்க் கத்தோலிக்க வாசகருக்கோ ஞானம் என்ற சொல் சமய வாழ்வின் முன்னொட்டு. ஞானஸ்நானம், ஞானோபதேசம், ஞானத்தாய், ஞானத்தந்தை எனத் திருமுழுக்கு முதல் மறைக்கல்வி வரை அச்சொல் தொடர்கிறது. விவிலியத்தின் நீதிமொழிகள் ஞானத்தைப் பெண்ணாக உருவகித்து, அரசர் ஆள்வதும் தலைவர் நீதி வழங்குவதும் அவளால் எனக் கூறுகிறது. மரியன்னையை ஞானத்தின் இருப்பிடம் எனப் போற்றுவது கத்தோலிக்கப் பிரார்த்தனை மரபு. தேவமாதா அந்தாதி பாடியவர் அம்மரபில் தோய்ந்தவர்.

பெண்ணுருவான ஞானம் அரசுகட்டில் ஏறி நீதி வழங்குதல் என்ற நிகழ்வு, நீதிமொழிகளின் உருவகத்தோடு வெறும் பெயரளவில் அன்றிச் செயலளவிலும் பொருந்துகிறது. இது முதல் நிபந்தனையையும் மூன்றாம் நிபந்தனையையும் நிறைவு செய்கிறது. இரண்டாம் நிபந்தனையில்தான் சிக்கல். சைவப் பெயராக மட்டும் கொண்டாலும் கதை விளங்குகிறது. ஆகவே இதனைக் கிறித்தவக் குறியீடு என்று தனித்து உரிமை கோருவதைவிட, இரு மரபு வாசகரும் தத்தம் வாயிலால் நுழையத்தக்க இரட்டைப் பெயர் என்பதே பொருந்தும். ஆசிரியர் பொதுச்சொல்லைத் தேர்ந்த முறைக்கு இது சான்று.

பிறர்க்காக அடிபடும் சிறுவன்

நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் நிகழ்ச்சி ஒன்று இவ்வாய்வின் மையமாகிறது. செல்லமாக வளர்க்கப்படும் பிரதாபனை ஆசிரியர் அடிக்கக்கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. அவன் பாடம் படிக்கத் தவறினால், ஆசிரியரின் பிள்ளையாக வளரும் கனகசபை அடிபட வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை வளர்ப்பைக் கேலி செய்யும் நகைச்சுவைப் பகுதியாகவே இது முதல் வாசிப்பில் தோன்றும். ஒருவன் குற்றம், மற்றொருவன் தண்டனை என்ற அமைப்போ கிறித்தவ மறையியலின் நடுவிடத்தைத் தொடுவது.

இதனைக் கல்வாரியின் குறியீடு எனக் கூறிவிடுவது எளிது, ஆனால் பிழை. எசாயா நூலின் துன்புறும் ஊழியனும் நற்செய்திகளின் இயேசுவும் பிறர்க்கான துன்பத்தைத் தாமே ஏற்கின்றனர். கனகசபைக்கு அத்தகைய தெரிவு இல்லை. அவன்மீது தண்டனை சுமத்தப்படுகிறது. அதுவும் அவனைப் பிள்ளையாக வளர்ப்பவரின் கையாலேயே. விவிலியத்தில் இதற்கு நெருங்கிய ஒப்பு லேவியர் நூலில் வரும் ஆடு. மக்களின் பாவங்கள் தலைமேல் ஏற்றப்பட்டுப் பாலைக்கு விரட்டப்படும் அந்த ஆட்டிடம் எவரும் ஒப்புதல் கேட்பதில்லை. தன்னை அளிக்கும் செம்மறிக்கும் விரட்டப்படும் ஆட்டுக்கும் உள்ள வேறுபாடே அருளுக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாடு.

வேதநாயகம் பிள்ளையின் அங்கதம் எத்திசையில் செல்கிறது என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது. குற்றமற்றவனைத் தண்டித்தால் குற்றவாளி திருந்துவான் என்ற எண்ணத்தை அவர் நகைக்கிறார். எசேக்கியேல் நூல் ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என வலியுறுத்துகிறது. முன்சீப்பின் சட்ட அறிவும் அதையே கூறும். பிரதாபனைக் கல்வியின்பால் திருப்புவது கனகசபையின் முதுகில் விழும் அடியன்று. உடன் பயில வரும் ஞானாம்பாளின் முன்மாதிரி. தண்டனையை இடம்மாற்றுதல் பயனற்றது. நல்லவரோடு கூடுதலே மனத்தை மாற்றும் என்பது இங்கு அறம். கிறித்தவ அமைப்பு ஒன்று தலைகீழாக்கப்பட்டுச் சமூக விமரிசனமாகிறது.

இந்நிகழ்ச்சிக்கு நாவலின் பிற்பகுதியில் ஓர் எதிரொலி உண்டு. வேட்டைக்காட்டில் உற்றாரைப் பிரிந்து விக்கிரமபுரியை அடையும் பிரதாபன், அங்கே பொய்வழக்கில் அகப்பட்டுச் சிறைப்படுகிறான். தன் குற்றத்துக்குப் பிறன் அடிபட வளர்ந்தவன், தான் செய்யாத குற்றத்துக்குத் தானே தண்டனை பெறுகிறான். இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, துணுக்குகளின் தொகுப்பாகத் தோன்றும் நாவலுக்குள் ஓர் அறக்கட்டுமானம் புலப்படுகிறது. குற்றமின்றித் தண்டிக்கப்படுதல் என்பதன் பொருளைப் பிரதாபன் கேள்வியால் அன்றிப் பட்டறிவால் அறிகிறான். அவனை மீட்பதும் நீதி வழங்கும் ஞானாம்பாளே. இளமையில் அவனைக் கல்விக்கு மீட்டவள், முதிர்ச்சியில் சிறையிலிருந்து மீட்கிறாள்.

இழப்பும் மீட்பும்: ஊழா, இறைபராமரிப்பா

காணாமற்போதலும் கண்டடைதலும் நாவலில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆசிரியர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த கனகசபை, ஆதியூரின் தேவராஜப் பிள்ளைக்குப் பிறந்து இளமையில் பிரிந்த மகன் என்பது வெளிப்படுகிறது. கணவனும் மனைவியும் பிரிந்து கூடுகின்றனர். சிலப்பதிகாரத்தில் பிரிவும் துயரும் ஊழால் விளக்கப்படுகின்றன. ஊழை மிஞ்சிய வலிமை இல்லை என்பது குறளின் அதிகாரம் ஒன்றின் கருத்து. முற்பிறவி வினையைக் காரணமாகக் கூறும் இவ்விளக்கமுறை தமிழ்க் கதை மரபில் ஆழ வேரூன்றியது.

வேதநாயகம் பிள்ளையின் நாவல் நிகழ்ச்சிகளின் காரணத்தை முற்பிறவியில் தேடச் செல்வதில்லை. மனிதர் தவறு செய்கின்றனர், பிடிவாதம் பிடிக்கின்றனர். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் வாழ வேண்டும் எனச் சம்பந்தி முதலியார் நிற்பதால் திருமணமே தடைப்படுகிறது. தவறுகளின் விளைவு இப்பிறவியிலேயே, பல வேளைகளில் அடுத்த அதிகாரத்திலேயே வந்து சேர்கிறது. அவற்றினூடே நல்லோரைக் கைவிடாத ஒரே கடவுளின் காப்பு செயற்படுகிறது. பேய்நம்பிக்கை, சோதிடம் ஆகியவற்றின்மீது நாவல் வைக்கும் எள்ளலும் இதனோடு தொடர்புடையது. எதிர்காலம் கோள்களின் கையில் இல்லை என்றால், அது மனிதர் பொறுப்பிலும் கடவுள் பராமரிப்பிலும் இருக்க வேண்டும்.

பழைய ஏற்பாட்டின் யோசேப்பு வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உற்றாரைப் பிரிந்து அயல்நாட்டில் குற்றமின்றிச் சிறைப்பட்ட யோசேப்பு, அந்நாட்டின் ஆட்சிப்பொறுப்பில் அமர்கிறான். தன்னை இன்னானென்று காட்டாமல் உறவினரைச் சந்திக்கிறான். விக்கிரமபுரிக் கதையில் இக்கூறுகள் இருவரிடையே பகிரப்படுகின்றன. சிறைப்படுபவன் கணவன்; ஆட்சியில் அமர்ந்து தன்னை மறைத்துக்கொள்பவள் மனைவி. யோசேப்பு வரலாறு ஆசிரியருக்கு முன்மாதிரியாக இருந்தது என நிறுவப் புறச்சான்று தேவை. ஆனால் துன்பத்தை முற்பிறவிக் கணக்காக அன்றி, நன்மையை நோக்கி நடத்தப்படும் வழியாகக் காணும் நோக்கு இரண்டுக்கும் பொதுவானது. அந்நோக்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் இறைபராமரிப்பு என்பர். மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் கூறு இதுவே. ஆயின் இது ஒரு பொருளோ சின்னமோ அன்று, கதையை இயக்கும் காரண காரிய முறை.

பி.ஆர்.ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரத்தோடு ஒப்பிட்டால் இக்கருத்து உறுதிப்படும். 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் வெளிவந்த அந்நாவலில் உலகத் துன்பம் முத்துசாமி அய்யரைப் பற்றறுத்து வேதாந்தத் தெளிவின்பால் செலுத்துகிறது. வேதநாயகம் பிள்ளையிடம் துன்பம் மாந்தரை உலகினின்று விலக்குவதில்லை. குடும்பத்துக்கும் ஊருக்கும் ஆட்சிக்கும் உரிய கடமையிடத்தே திருப்பி அனுப்புகிறது. தொடக்ககாலத் தமிழ் நாவலின் இருவேறு சமய நோக்குகள் சமயப் பெயர் இன்றியே கதைமுடிவின் திசையில் வெளிப்படுகின்றன.

ஆட்சி என்னும் பொறுப்பு

அரசுரிமை யானையால் வந்தது. நாட்டு மரபுக்கு உரியது. அதனை ஞானாம்பாள் ஏற்று நடத்தும் முறையோ வேறொரு மரபையும் நினைவூட்டுகிறது. அவள் ஆட்சியைத் தன் உடைமையாகக் கொள்வதில்லை. நீதியைச் சீர்செய்து, துன்புற்றோர் குறை தீர்த்து, முடிவில் ஆனந்தவல்லியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுத் தன் இல்லறத்துக்குத் திரும்புகிறாள். தலைவன் ஒப்படைத்ததைக் காத்துப் பெருக்கித் திரும்பக் கணக்குக் கொடுக்கும் பணியாளன் என்பது நற்செய்தியின் தாலந்து உவமை தரும் படிமம். செங்கோன்மை பற்றிய குறளதிகாரங்கள் அரசன் எவ்வாறு ஆள வேண்டும் எனக் கூறுகின்றன. ஆட்சியைத் திருப்பி அளித்தல் அவற்றின் மையப்பொருள் அன்று. எனவே இங்கு இரு மரபுகளும் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன எனலாம். ஆளும் முறை குறளுக்கு நெருக்கம். ஆட்சியைக் கைவிடும் முறை நற்செய்திக்கு நெருக்கம்.

ஆசிரியரின் வாழ்வும் இக்கருத்துக்கு ஒளி தருகிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது மாயூரத்தில் அவர் தம் பொருளை ஏழைகளுக்கு வழங்கியதை நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் பாராட்டிப் பாடினார். நாவல் அச்சேறியது பஞ்சம் முடிந்த மறு ஆண்டில். உடைமை என்பது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்ற எண்ணம் அவருக்கு ஏட்டளவில் நின்ற கருத்தன்று.

அறத்தின் எல்லைகள்

நாவலுக்கு எழுதிய ஆங்கில முன்னுரையில் ஆசிரியர் தம் முதன்மை மாந்தரைக் குறையற்ற நல்லோராகப் படைத்ததற்கு ஆங்கில அறவியலாளர் டாக்டர் ஜான்சனின் கருத்தைத் துணைக்கு அழைக்கிறார். நாவலின் அறநோக்குக்குத் திருச்சபை மட்டுமே ஊற்றன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையும் ஊற்று என்பதை இது காட்டுகிறது. அதன் விலையும் நாவலில் தெரிகிறது. ஞானாம்பாள் தவறு செய்வதில்லை. ஆதலால் மனம் வருந்தித் திரும்பும் வாய்ப்பும் அவளுக்கு இல்லை. பாவம், மனமாற்றம், மன்னிப்பு என்னும் கிறித்தவ வாழ்வின் நாடகம் முதன்மை மாந்தரிடம் நிகழாமல், சிறு பாத்திரங்களிடமும் கிளைக்கதைகளிடமும் ஒதுங்குகிறது. மாந்தரைக் குறையற்றவராக்கிய நீதிநோக்கு, நற்செய்தியின் முதன்மை நிகழ்வாகிய மனந்திரும்புதலுக்கு இடங்குறைத்துவிட்டது என்பது இந்நாவலின் உள்முரண்.

இரண்டாவது எல்லை இன்னும் கடுமையானது. கனகசபை அடிபடும்போது அவன் எளிய ஆசிரியரின் மகன். அவனுக்கு இழைக்கப்படும் அநீதியை நாவல் உணர்ந்தே காட்டுகிறது. ஆயின் அதற்குப் பின்னர் அவனுக்குக் கிடைக்கும் உயர்வு எதனால் வருகிறது? அவன் செல்வாக்குமிக்க தேவராஜப் பிள்ளையின் மகன் என்ற உண்மை வெளிப்படுவதால் வருகிறது. ஏழையின் பிள்ளை ஏழையின் பிள்ளையாகவே மதிக்கப்படவில்லை. உண்மையில் அவன் ஏழை அல்லன் என்று அறியப்பட்டபின் உயர்த்தப்படுகிறான். லூக்கா நற்செய்தியின் காணாமற்போன மகன் உவமையில் விருந்து, திரும்பி வந்தவன் மகன் என்பதற்காகவே நிகழ்கிறது. அம்மகன் எல்லாவற்றையும் இழந்து கந்தலோடு வருகிறான். இங்கோ மகனாகக் கண்டறியப்படுதல் செல்வத்துக்குத் திரும்புதலும் ஆகிவிடுகிறது. உண்மையில் எளிய ஆசிரியர் மகனாகவே இருந்திருந்தால் அந்த அடிகளுக்கு ஈடு என்ன என்ற வினாவுக்கு நாவல் விடை கூறுவதில்லை.

இது பழங்கதைகளின் பொதுவழக்கு என்று அமைதி கூறலாம். பிறப்பு மறைந்து வளரும் தலைவன் உலகக் கதைமரபு முழுவதிலும் உண்டு. கனகசபையின் நற்பண்பு பிறப்புவெளிப்பாட்டிற்கு முன்னரே காட்டப்பட்டுவிடுகிறது என்பதும் உண்மையே. எனினும் பண்பால் உயர்வு என்ற நீதிக்கருத்தும் பிறப்பால் உயர்வு என்ற கதைமுடிவும் ஒன்றையொன்று இழுத்து நிற்பதை மறைக்க இயலாது. கடவுள்முன் அனைவரும் சமம் என நம்பிய ஆசிரியரின் அறம், தொண்டைமண்டலக் குடும்பக் கதையின் வாயிலில் தயங்கி நிற்கிறது.

பெண்ணுரிமையிலும் இதே தயக்கம் உண்டு. பெண்கல்விக்காக நூல் எழுதியவர், நாட்டை ஆளும் அறிவு பெண்ணுக்கு உண்டு எனக் காட்டத் துணிந்தார். ஆனால் அவ்வறிவு ஆண்வேடத்தில்தான் அரியணை ஏறுகிறது. ஆனந்தவல்லியிடம் ஆட்சி செல்லும் முடிவு இத்தயக்கத்தை ஓரளவு ஈடுசெய்கிறது எனலாம்.

சமயப்பெயர் கூறாப் பொதுமை

நாவல் வெளிவந்தபின் தமிழ் உரைநடைக் கதையுலகில் பல சமயத்தாரும் கால் பதித்தனர். இலங்கையில் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் 1885இலும், திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இலும் வெளிவந்தன. தத்தம் சமயச் சூழலை அவை மறைக்கவில்லை. முதல் நாவலாசிரியர் மட்டும் தம் சமயத்தை நம்பிக்கையாகக் கொண்டு, பிறர் சமயத்தைக் கதைக்களமாகக் கொண்டார். அவர் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றங்களில் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே சட்டத்தின்கீழ் நின்றனர். அவர்கள் அனைவருக்கும் விளங்கும் மொழியில் பேச வேண்டியது அவர் தொழிலின் தேவை. அதுவே அவர் நாவலின் மொழியாகவும் ஆயிற்று.

இப்பொதுமை எளிதில் தவறாகப் படிக்கப்படும். சமயம் இல்லாத நாவல் என்று படித்தால், தண்டனை, மீட்பு, பராமரிப்பு ஆகியவற்றை ஒரு சரடில் கோக்கும் பார்வை புலப்படாமல் போகும். கிறித்தவ நாவல் என்று மட்டும் படித்தால், சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் பெயரைத் தாங்கிய சிறுவன் பிறர் குற்றத்துக்காக அடிபடுகிறான் என்ற சேர்க்கையின் நுட்பம் மறையும். கிறித்தவ வடிவமுள்ள துன்பத்துக்குச் சைவப் பெயரிட்ட அந்தச் சேர்க்கையில்தான் ஆசிரியரின் சமரச நோக்கு கொள்கையாக அன்றிக் கதையாக உயிர்பெறுகிறது.

முடிவுரை

பிரதாப முதலியார் சரித்திரத்தில் கிறித்தவக் குறியீடுகளைத் தனிப்பொருள்களாகத் தேடும் முயற்சி பெரிதும் ஏமாற்றமே தரும். யானை நாட்டு மரபுக்கு உரியது. ஞானாம்பாள் என்ற பெயர் இரு மரபுக்கும் உரியது. ஆட்சிப்பொறுப்பில் குறளும் நற்செய்தியும் பங்குபெறுகின்றன. கிறித்தவ நோக்கு ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுவது கதையின் காரண காரிய முறையில். துன்பம் முற்பிறவிக் கணக்கன்று, குற்றமற்றவனைத் தண்டிப்பது நீதியன்று, காணாமற்போனது கண்டடையப்படும், பெற்ற பொறுப்புத் திருப்பி அளிக்கப்படும் என்ற நான்கும் நாவலின் எலும்புக்கூடாக அமைந்துள்ளன.

அந்த அறம் குலத்தின் வாயிலிலும் வேடத்தின் திரையிலும் தயங்குவதையும் சேர்த்துக் காண்பதே நாவலுக்கும் ஆசிரியருக்கும் செய்யும் நியாயம். கனகசபையின் முதுகில் விழுந்த அடிகளுக்கு நாவல் முழு விடை தரவில்லை. அவ்வினாவை எழுப்பியதோ தமிழின் முதல் நாவலே. தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் தண்டனை, இழப்பு, மீட்பு ஆகியவை விளக்கப்படும் முறையைச் சமய மரபுகளோடு ஒப்பிடும் ஆய்வுகள் இத்திசையில் மேலும் விரிவடைய இடமுண்டு.